ஒரே அட்டையில் இரண்டு அலைவரிசை: கதவுக்குப் பாதுகாப்பு இரட்டிப்பாகுமா?

2024 ஓகஸ்ட் 6, கல்முனையிலிருந்து ஒரு கேள்வி

எங்கள் கந்தோரில் நான்கு கதவு, தொண்ணூறு பேர். இப்போது கதவு திறக்கப் பாவிப்பது சாவிக்கொத்தில் தொங்குகிற நீலச் சில்லும் தடித்த வெள்ளை அட்டையும். மாற்றப் போகிறோம். விற்க வந்தவர் "டுவல் காட் எடுங்கள், உள்ளே இரண்டு தொழில்நுட்பம் இருக்கிறது, பாதுகாப்பும் இரண்டு மடங்கு" என்கிறார். விலையும் பல மடங்குதான். அண்ணன், அவர் சொல்வது சரியா?

ஓகஸ்ட் 6, இரவு

பிழை. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு என்று நினைத்துவிட்டார் போல. உண்மையில் ஒரு வளவுக்கு இரண்டு படலை. எந்தப் படலை லேசோ அதால்தான் கள்ளன் வருவான்.

அட்டைக்குள் ஒன்று 125 கிலோஹேர்ட்ஸில் வேலை செய்யும், மற்றது 13.56 மெகாஹேர்ட்ஸில். கதவடியில் அட்டையை வாசிக்கிற கருவிதான் ரீடர். பழைய ரீடர் முதலாவதை மட்டும் கேட்கும். புது ரீடர் இரண்டாவதைக் கேட்கும். இரண்டையும் கேட்கிற ரீடரும் உண்டு. 125 பக்கத்துச் சிப்புக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. ரீடரின் புலத்துக்குள் வந்ததும் தன் இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பது கதவா, கள்ளனா என்று அதற்குக் கவலையில்லை. மற்றப் பக்கச் சிப் ஒழுங்கானதாக இருந்தால், "சாவி தெரியுமா, காட்டு" என்று ரீடரிடம் கேட்கும். தானும் காட்டும். அதற்குப் பிறகுதான் பேச்சு.

இந்த அட்டை மாறுகிற காலத்துக்கென்று செய்தது. நான்கு கதவையும் ஒரே நாளில் மாற்றக் காசும் ஆளும் இல்லை என்றால், முதலில் எல்லாருக்கும் இந்த அட்டையைக் கொடுத்துவிட்டு, ரீடரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகலாம். ஆட்கள் இரண்டு அட்டை சுமக்கத் தேவையில்லை. கடைசி ரீடர் மாறியதும் 125 பக்கத்தை மூட வேண்டும். மூடாவிட்டால் கொடுத்த காசு வீண்.

ஓகஸ்ட் 7

நேற்று "ஒழுங்கானதாக இருந்தால்" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன். அதில்தான் விஷயம் இருக்கிறது.

13.56 என்றாலே நல்லது என்று அர்த்தமில்லை. அதிகம் விற்பது மைஃபெயர் கிளாசிக். 1994இல் வந்த சாமான். 16 பகுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாவி, சாவிக்கு 48 பிட். உள்ளே இருக்கிற கிரிப்டோ-1 என்ற மறைமொழியைத் தயாரித்தவர்கள் வெளியில் சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு பேர், சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்துப் படமெடுத்து, அது எப்படி வேலை செய்கிறதென்று காட்டிவிட்டார்கள். அடுத்த வருடம் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தார் முழுதாக உடைத்தார்கள். சிப்பைத் தயாரிக்கிற என்எக்ஸ்பி கம்பனி, கட்டுரையை வெளியிடக் கூடாதென்று வழக்குப் போட்டுத் தோற்றது. அது நடந்து பதினாறு வருடம். அந்தச் சிப் இன்னும் "ஸ்மார்ட்" என்ற பெயரோடு எங்கள் பக்கத்துக் கடைகளில் இருக்கிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "13.56 பக்கத்தில் என்ன சிப்?" டெஸ்ஃபயர் ஈவி2, ஈவி3 என்றால் தொடர்ந்து கதைக்கலாம். அதில் 128 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான மறைமொழி வரும். "அது ஸ்மார்ட் சிப்" என்று மட்டும் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஓகஸ்ட் 9

தம்பி கேட்டது: மாதிரி அட்டை கையில் இருக்கிறது, உண்மையில் டுவலா என்று எப்படித் தெரியும்?

ஃபோனின் டோர்ச்சைப் போட்டு அட்டையை அதன்மேல் வையுங்கள். இருட்டறையில் செய்தால் நல்லது. அச்சடிக்காத வெள்ளை அட்டையில் உள்ளே இருக்கிற செப்புக் கம்பி நிழலாகத் தெரியும். 125க்கு நூற்றுக்கணக்கான சுற்று தேவை. அது நெருக்கமாகச் சுற்றிய தடித்த வளையமாகத் தெரியும். 13.56க்கு நாலைந்து சுற்றுப் போதும். அது அட்டையின் ஓரத்தை ஒட்டி நீள்சதுரமாக ஓடும். இரண்டும் தெரிந்தால் டுவல்.

இன்னொன்று. என்எஃப்சி உள்ள ஃபோனின் முதுகில் அட்டையை வைத்தால் 13.56 பக்கம் இருந்தால் பிடிக்கும். 125ஐ எந்த ஃபோனும் பிடிக்காது. அதற்குப் பழைய ரீடரில் காட்டிப் பார்ப்பதுதான் வழி.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

வெளியில் கச்சான் காற்று தீயாக வீசுகிறது. வீட்டுக்குள் இருந்து பழைய அட்டைப் பெட்டியைத் துழாவினேன். ஒரு கணக்குச் சொல்கிறேன், செய்து பாருங்கள்.

எங்கள் ஊரில் அதிகம் புழங்குகிற ஈஎம்4100 வகை அட்டையின் வெளியே இரண்டு மாதிரி இலக்கம் அச்சடித்திருக்கும். உதாரணத்துக்கு 0012345678 என்றும், பக்கத்தில் 188,24910 என்றும். இரண்டும் ஒன்றுதான். 188ஐ 65536ஆல் பெருக்கி 24910ஐக் கூட்டினால் 12345678 வரும். கதவைத் திறப்பதா இல்லையா என்று முடிவெடுக்கிற பெட்டிதான் கொன்ட்ரோலர். ரீடர் அதற்கு அனுப்புவதும் அதே இரண்டு எண்தான். 26 பிட் வீகண்ட் என்பார்கள்: 8 பிட் இட எண், 16 பிட் அட்டை எண், முன்னும் பின்னும் சரிபார்க்க ஒவ்வொரு பிட்.

ஆக, அட்டையைத் தொடவே தேவையில்லை. வெளியில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனால், எழுதக்கூடிய ஒரு சில்லில் அதைப் போட்டுவிடலாம். புது வேலை கிடைத்த பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். வாழ்த்துச் சொல்லுகிற அவசரத்தில் நானும் "லைக்" போட்டிருக்கிறேன்.

செப்டெம்பர் 3

இதை எழுதலாமா என்று யோசித்தேன். சரி, எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் நான் பராமரிக்கிற மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. 140 பேர். மூன்று வருடத்துக்கு முதல் நான்தான் டுவல் அட்டை கொடுத்தேன். போன வியாழக்கிழமை ஆரையம்பதியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே அந்தக் கட்டடத்துக் களஞ்சியத்தில் வேலை செய்யும் பொடியன். சிரித்தான், நானும் சிரித்தேன். மறுநாள் வரவுப் பதிவை எடுத்துக் கொடுக்கும்போது பார்க்கிறேன், வியாழன் காலை 7:52க்கு அவன் முன்கதவால் உள்ளே போயிருக்கிறான். பின்னேரம் 4:40க்கு வெளியே.

கொன்ட்ரோலரின் மணிக்கூடு பிசகியிருக்கும் என்று நினைக்கிறேன். முந்திய கிழமை கரண்ட் போய்வந்தது. உள்ளே இருக்கிற சின்னப் பற்றறி செத்திருந்தால் திகதி குழம்பும்.

செப்டெம்பர் 4

மணிக்கூடு சரியாகத்தான் ஓடுகிறது. மற்ற 139 பேரின் பதிவில் ஒரு பிசகும் இல்லை. அவன் ஒருவனுக்கு மட்டும் மணிக்கூடு பிழைக்குமா?

கமெராவைப் போட்டுப் பார்த்தோம். 7:52க்கு அவனுடைய கூட்டாளி வருகிறான். தன் அட்டையைக் காட்டுகிறான். பிறகு பொக்கற்றிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் தொங்குகிற நீலச் சில்லை ஒருமுறை காட்டுகிறான். வீடியோவில் சத்தம் இல்லை. எனக்கு மட்டும் அந்த இரண்டாவது "பீப்" கேட்டது.

டவுணில் சாவி வெட்டுகிற கடையில் செய்ததாம். அட்டையை ஒரு கையடக்க மெசினில் வைத்து, சில்லை வைத்து, இரண்டு பொத்தானை அமத்தினால் முடிந்தது. அட்டைக்குள் இருக்கிற ஏஇஎஸ் சாவியை அந்தக் கடைக்காரர் உடைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 125 பக்கம் சொன்ன இலக்கத்தை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

முகாமையாளர் பொடியனை நிறுத்தப் போவதாகக் குதித்தார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. படலையைத் திறந்து வைத்தவன் நான்.

செப்டெம்பர் 11

ஏன் திறந்து வைத்தேன் என்று தம்பி கேட்டிருக்கிறார். ஓகஸ்டில் பெரிய ஆள் மாதிரி "மூட வேண்டும்" என்று எழுதியவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் காரணம் பின்பக்க வாகனப் படலை. அங்கே பழைய ரீடர் நன்றாக வேலை செய்தது. நிர்வாகம் "அது பழுதாகும்போது மாற்றுவோம்" என்றது. உப்புக் காற்றில் மற்றக் கதவு ரீடரின் இணைப்பெல்லாம் பச்சை பிடித்தது, அந்தப் பழசுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது, துப்புரவு ஆட்களும் காவலாளிகளும். ஆள் அடிக்கடி மாறும். விலை கூடிய அட்டையை ஏன் கொடுப்பானென்று மிச்சமிருந்த நீலச் சில்லுகளைக் கொடுத்தார்கள். அந்தச் சில்லு எல்லாக் கதவிலும் வேலை செய்ய வேண்டுமென்பதற்காக, இரண்டு அலைவரிசையும் கேட்கிற புது ரீடர்களில் 125ஐ அணைக்காமல் விட்டேன். ஒரு மாதத்துக்கென்று விட்டது.

மூன்றாவதுதான் என் சொந்தப் புத்தி. அட்டை எடுக்கும்போது, 125 பக்கத்து இலக்கத்தையே டெஸ்ஃபயருக்குள்ளும் எழுதித் தரச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே இலக்கம் என்றால் கொன்ட்ரோலரில் எதையும் தொடத் தேவையில்லை, ரீடரை மட்டும் கழற்றி மாட்டலாம். அப்போது எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. ஆனால் இலக்கம் ஒன்றானபடியால், எந்தப் பக்கத்தால் வந்ததென்று கொன்ட்ரோலருக்குத் தெரியாது. சாவிக்கொத்துச் சில்லும் உண்மையான அட்டையும் பதிவில் ஒரே வரிதான். மூன்று வருடப் பதிவில் எத்தனை வரி அட்டை, எத்தனை வரி சில்லு என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது.

ஏறாவூரில் ஒரு இடத்தில் இலக்கங்களை வேறுவேறாக வைத்தேன். அங்கே வேறு தலையிடி. அட்டையைக் கொஞ்சம் கூட நேரம் பிடித்தால் ரீடர் முதலில் ஒரு பக்கத்தையும் பிறகு மற்றதையும் வாசித்து, ஒன்றுக்குக் கதவைத் திறந்து, மற்றதுக்குத் "தெரியாத அட்டை" என்று சிவப்பு லைட் போடும். காவலாளி காக்கா "இது திறக்குதா திட்டுதா?" என்று கேட்பார். ஆனாலும் இன்று யாராவது கேட்டால் வேறு இலக்கம் வையுங்கள் என்றுதான் சொல்வேன். பழைய இலக்கத்தைப் பட்டியலிலிருந்து அழித்தால் அந்தப் படலை தானாக மூடிவிடும்.

செப்டெம்பர் 12

மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லுகிற கதை எல்லாருக்கும் தெரியும். எங்களை ஒட்டவைத்தது அந்தப் பின்படலை ரீடர்.

ஒக்டோபர் 6

மின்வெட்டில் என்ன நடக்கும் என்று ஒருவர் கேட்டார். அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது.

காந்தப் பூட்டு கரண்ட் இருந்தால்தான் பிடிக்கும். போனால் விட்டுவிடும். தீ பிடித்தால் ஆட்கள் வெளியேற வேண்டுமே, அதற்காகத்தான் அப்படி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஞாபகம் இருக்கும். 280 கிலோ பிடிக்கிற காந்தம் ஒன்று கிட்டத்தட்ட அரை அம்பியர் எடுக்கும். நான் இரண்டு காந்தத்தையும் ரீடரையும் கொன்ட்ரோலரையும் ஒரே 12 வோல்ட், 7 அம்பியர்-மணிப் பற்றறியில் கொழுவியிருந்தேன். எல்லாம் சேர்ந்து ஒன்றரை அம்பியர். கணக்குக்கு நாலரை மணித்தியாலம் வர வேண்டும். பழைய பற்றறி மூன்றைக்கூடத் தாண்டவில்லை. பத்து மணித்தியாலம் கதவைக் காத்தது ஒரு கதிரையும் காவலாளியும்.

ஒக்டோபர் 20

தம்பி புதுக் கணக்கோடு வந்திருக்கிறார். விற்பவர் இறங்கிவந்து டெஸ்ஃபயர் அட்டை தருகிறாராம். ரீடர் மட்டும் மலிவானது, "யூஐடி வாசித்தால் போதும்" என்கிறாராம்.

போதாது. யூஐடி என்பது சிப்பின் பெயர். முதல் அறிமுகத்திலேயே எந்த ரீடருக்கும் சாவி கேட்காமல் சொல்லிவிடும். அந்தப் பெயரை மட்டும் வாசித்துக் கதவைத் திறப்பதென்றால், டெஸ்ஃபயர் வாங்கி 125 வேலை பார்க்கிறீர்கள். வங்கியில் இரும்புப் பெட்டகம் எடுத்து மூடியைத் திறந்து வைத்த மாதிரி.

அதோடு ஒரு சில்லறைத் தொல்லை. ஒரு ரீடர் யூஐடியை முன்னிருந்து அனுப்பும், இன்னொன்று பின்னிருந்து. 11 22 33 44 என்ற நான்கு பைட்டை (பதினாறை அடியாகக் கொண்ட எண்) ஒன்று 287454020 என்று சொல்லும், மற்றது 1144201745 என்று சொல்லும். ஒரே அட்டை, இரண்டு கதவில் இரண்டு ஆள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை இரண்டு நாள் போனது. கடைசியில் வீட்டில் பிள்ளையின் கணக்குக் கொப்பியில் எழுதிப் பார்த்துத்தான் பிடித்தேன்.

கேட்க வேண்டியது: "ரீடருக்குள் எங்கள் சாவி போடலாமா? அந்தச் சாவி யாரிடம் இருக்கும்?" ஒரே கம்பனியின் பொதுச் சாவியில் ஓடுகிற அமைப்புகளும் உண்டு. அது அவர்களுடைய சாவி, உங்களுடையதில்லை.

நவம்பர் 24

நாளை திங்கள், கல்லடியில் 125ஐ அணைக்கிறேன். பின்படலைக்குப் புது ரீடர் வந்துவிட்டது. நீலச் சில்லு வைத்திருந்த பதினேழு பேருக்கும் அட்டை கொடுத்தாயிற்று.

நவம்பர் 29

அணைக்கவில்லை. வெள்ளம். கட்டடத்துக்குப் போகவே இல்லை. வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர்.

டிசம்பர் 9, இரவு

இன்று செய்தேன். இந்த ரீடருக்கு மின்னை நிறுத்தித் திரும்பக் கொடுத்து, சில நொடிக்குள் அதன் அமைப்பை மாற்றுகிற கட்டமைப்பு அட்டையைக் காட்ட வேண்டும். காலை ஆறரைக்கே போய் ஐந்து கதவிலும் முடித்தேன். நீலச் சில்லைக் காட்டினேன். மூச்சே இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவை நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

எட்டு மணிக்கு முன்கதவில் பதினொரு பேர் நிற்கிறார்கள். சில்லுக்காரர் ஒருவரும் இல்லை, எல்லாரும் ஒழுங்கான டுவல் அட்டைக்காரர். காட்டுகிறார்கள், கதவு திறக்கவில்லை. வாடை மழை சரிந்தடிக்கிறது, முன்வாசலில் கூரை இரண்டடிதான். கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் "என்ன தம்பி, சம்பளம் போடுற ஆக்கள வெளியில விட்டுட்டு உள்ள என்ன செய்றீங்க?" என்றார். கையால் கதவைத் திறந்துவிட்டேன். இன்று முழுக்கக் கதவு திறந்துதான் கிடந்தது.

அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே தொகுதியில் வந்த பழுது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 10

தொகுதிப் பழுதில்லை. என் ஓகஸ்ட் 9 குறிப்பை நானே வாசித்துவிட்டு டோர்ச் அடித்தேன்.

பதினொரு அட்டையிலும் கழுத்துப் பட்டிக்கு ஓட்டை போட்டிருக்கிறது. ஒருவரோ இருவரோ கடுதாசித் துளைப்பானால் வட்டமாகக் குத்தியிருக்கிறார்கள், மற்றவர்களுக்கு நிர்வாகப் பிரிவு நீள ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறது. ஓரத்தை ஒட்டி ஓடுகிற அந்த நாலைந்து சுற்றும் ஓட்டைக்குள் போய் அறுந்து நிற்கிறது. 125 வளையம் உள்ளுக்குள் தள்ளியிருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அதாவது இந்தப் பதினொரு பேரும், ஓட்டை போட்ட நாளிலிருந்து, 125 பக்கத்தால் மட்டும் வந்து போயிருக்கிறார்கள். கதவு திறந்தது, லைட் பச்சை, யாருக்கும் குறை இல்லை. எனக்கும் தெரியவில்லை. பழைய பக்கம் புதுப் பக்கத்தின் பழுதை மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓகஸ்டில் கள்ளனைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். இது என் மண்டையில் வரவே இல்லை.

அணைக்கப் போகிறவர்கள், அதற்கு முதல் கிழமை ஒரு மேசையில் 13.56 மட்டும் கேட்கிற ரீடர் ஒன்றை வைத்து எல்லாருடைய அட்டையையும் ஒருமுறை காட்டச் செய்யுங்கள். 140 பேருக்கு அரை நாள் போதும். ஓட்டை வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைத்து வளைந்த அட்டைகளும் இரண்டு இருந்தன, ஆனால் அவை வேலை செய்தன.

டிசம்பர் 12

களஞ்சியப் பொடியனை நிறுத்தவில்லை. இரண்டு நாள் சம்பளத்தை வெட்டிவிட்டு விட்டார்கள். இன்று கதவடியில் சாவிக்கொத்தைக் காட்டிச் சிரித்தான். சில்லு இன்னும் தொங்குகிறது. அழகுக்காம்.

டிசம்பர் 15

தம்பி கேட்டார், இனி எல்லாம் சரிதானே என்று.

ரீடருக்குப் பின்னால் பச்சை வயரும் வெள்ளை வயரும் இருக்கிறது. அட்டைக்கும் ரீடருக்கும் நடுவில் என்னதான் ஏஇஎஸ் ஓடினாலும், அந்த இரண்டு வயரில் அதே 26 பிட் இலக்கம் மறைக்காமல் அப்படியேதான் போகிறது. ரீடரைச் சுவரிலிருந்து கழற்றி வயரில் ஒரு சின்னச் சாதனத்தைக் கொழுவினால் போகிற வருகிற இலக்கமெல்லாம் கையில். ஓஎஸ்டிபி என்றொரு முறை இருக்கிறது, ஆர்எஸ்-485 என்ற வயர் இணைப்பில் ஓடும், அந்தப் பாதையையும் ஏஇஎஸ்ஸால் மூடலாம். ரீடரும் கொன்ட்ரோலரும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். என்னுடைய கொன்ட்ரோலர் அறியாது. இப்போதைக்கு ரீடரைக் கழற்றினால் அலாரம் அடிக்கிற சுவிட்சைக் கொழுவியிருக்கிறேன். நிர்வாகத்திடம் புதுக் கொன்ட்ரோலர் கேட்கப் போகிறேன், ஆனால் இந்த மாதம் வாய் திறக்க மாட்டேன். பதினொரு பேர் நனைந்தது இன்னும் காயவில்லை.

டிசம்பர் 22, கல்முனையிலிருந்து

அண்ணன், விற்பவர் கொடுத்த மாதிரி அட்டைக்கு இன்றைக்குத்தான் டோர்ச் அடித்தேன். ஒரு வளையம்தான் தெரிகிறது. தடித்தது, நெருக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஃபோனும் பிடிக்கவில்லை.

டிசம்பர் 22, இரவு

ஓட்டை கீட்டை இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். இல்லையென்றால் அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற அதே அட்டைதான். புது உறையில்.